நான் கையெழுத்துப் போட்ட காகிதம்

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். வரி கோணலாகப் போகும், முன்னால் நடந்தது பின்னால் வரும், சிலது மறந்தே போய்விட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் முன்னால் பேச இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்தத் தைரியம்தான்.

கல்யாணமாகி புனாவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தாபோடியில் ஓடு போட்ட வரிசை வீட்டில் ஒரு அறை. வீட்டுக்காரருக்குக் கசார்வாடியில் தகர டப்பா மூடி அடிக்கும் பட்டறையில் பிரெஸ் மிஷின் வேலை. இரண்டு பேருக்கும் வட ஆற்காடு ஜில்லா. அவர் இந்தி, மராட்டி எல்லாம் பேசுவார். என்னிடம் இருந்தது பக்கத்து வீட்டு மராட்டிக்காரி வாயிலிருந்து பொறுக்கின சொல் மட்டும்.

அந்தக் குளிரில் அவருக்கு நெஞ்சுச் சளி. கம்பவுண்டர் சிவப்பு மருந்தைப் பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தார். கூடவே பொடி மடித்த பொட்டலம். பக்கத்து வீட்டுக்காரி தன் குழந்தைக்கு இதே மாதிரி வாங்கி வந்தால் "தவா-தாரு" வாங்கி வந்தேன் என்பாள். நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். பொட்டலத்தில் இருப்பது தவா, பாட்டிலில் இருப்பது தாரு. யாரையும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம்.

ஒரு நாள் காலை வேலைக்குப் போனவரின் வலது கையில் மூன்று விரலை மிஷின் எடுத்துக்கொண்டது. கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பியைக் கழற்றி ஒரு வாரமாயிற்று, சொல்லியும் மாட்டவில்லை என்று பிறகு சொன்னார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் பட்டறை குமாஸ்தா வந்தார். வீட்டுக்காரர் ஊசி மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். குமாஸ்தா ரொம்ப மரியாதையாக "வஹினி" என்று கூப்பிட்டார். மராட்டியில் அண்ணி என்று அர்த்தம். கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே என்ன சாப்பிடுவார், எத்தனை மணிக்குத் தூங்குவார் என்று மெதுவாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"தாரு பீத்தா ஹை க்யா?"

நம் பக்கம் மருந்தைக் குடிக்கிறது என்றுதானே சொல்வோம். மருந்து குடிக்கிறாரா என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தெரிந்த சொல்லும் சைகையுமாக, தினமும் காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்றேன். அன்றைக்குக் காலையிலும் குடித்தாரா என்றார். நான்தான் என் கையால் ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன் என்றேன்.

அவர் பழத்தைப் பாதி உரித்தபடி கட்டில் மேல் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பக்கம் முழுக்க மராட்டியில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார். மை டப்பாவைத் திறக்கப் போனவரை நிறுத்தி, கைநாட்டு வேண்டாம், எழுதத் தெரியும் என்று சொல்லித் தமிழில் என் பேரை முழுசாக எழுதினேன். அதில் எனக்குப் பெருமை. அவர் போன பிறகும் அந்தப் பழத்தை நான் தொடவில்லை. ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டோம். ஒரு மாதம் கழித்துப் பட்டறையிலிருந்து பதில் வந்தது, கூடவே நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகல். எங்கள் ஜில்லாக்காரர், தாபோடியில் தோல் வியாபாரம் செய்த ஒரு பாய்தான் எங்களுக்குக் காகிதம் படித்துச் சொல்வார். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, ஒன்னு கேக்கறேன், மறைக்காத சொல்லு. ஒன் வூட்டுக்காரரு சாராயம் குடிப்பாரா?"

"இன்னா பாய் இப்பிடிக் கேக்கற? அவரு பீடிகூடப் புடிக்கமாட்டாரு."

"தெனம் ரெண்டு வேள குடிக்கிறாரு, அன்னிக்குக் காலையிலயும் நான்தான் ஊத்திக் குடுத்தேன்னு எழுதிக்கீது. கீழ ஒன் பேரு."

"அது மருந்து பாய். தாரு. பாட்டில்ல இருக்குமே."

பாய் காகிதத்தை மடித்து வைத்தார். "தவாவோட சேத்துச் சொன்னாத்தான் மருந்து. தனியா தாருன்னா சாராயம், தங்கச்சி" என்றார்.

குடித்துவிட்டு மிஷினில் கை வைத்தவனுக்கு நஷ்டஈடு இல்லை என்று சட்டம் இருக்கிறதாம். அது மட்டுமில்லை. அப்போது இந்த ராஜ்யத்தில் மதுவிலக்கு. குடித்தவருக்கு ஜெயில் என்றால், ஊற்றிக் கொடுத்தவளுக்கு? அதை நான் யாரிடமும் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு, "ஊத்திக் குடுத்த மகராசி, எனுக்கு நெசமாவே கொஞ்சம் குடுத்திருக்கக் கூடாதா" என்றார். அதற்குப் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. தெருவில் காக்கிச் சட்டை தெரிந்தால் கதவைச் சாத்துவேன். அலமாரியில் அந்தச் சிவப்பு பாட்டில் என்னையே பார்ப்பது போலிருக்கும். ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் வரிசை ஓரமாக நின்று தண்ணீர் கேட்டார். அவர் போனதும் மருந்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன்.

பாய் எங்களைச் சிவாஜி நகரில் ஒரு மராட்டி வக்கீலிடம் கூட்டிப்போனார். குட்டையான மனிதர், கறுப்புக் கோட்டில் முழங்கை தேய்ந்திருக்கும். நடந்ததை மூன்று முறை சொல்லச் சொன்னார். பிறகு பாட்டில் எங்கே என்றார். நான் செய்ததைப் பாய் சொன்னதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப கழுவாதே. அப்படியே கொண்டு வா" என்று பாயைச் சொல்லச் சொன்னார். "என்ன பேசறதுன்னு நான் சொல்லித் தரமாட்டேன். கேட்டதுக்கு மட்டும் உண்மையைச் சொல்லு."

விசாரணை அன்றைக்கு ரயிலில் பாட்டிலை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பெட்டி முழுக்க நாற்றம். நஷ்டஈட்டு ஆபீஸ் உள்ளே நாற்காலியில் அதிகாரி, எதிரே பட்டறை வக்கீல், சுவர் ஓரம் அந்தக் குமாஸ்தா. பாய் எங்கள் ஆள், அவர் மொழிபெயர்க்கக் கூடாது என்று சொல்லித் தள்ளி நிற்க வைத்துவிட்டார்கள். பட்டறை வக்கீல் இந்தியில் கேட்டார். இது உன் கையெழுத்தா? ஆமாம். தினமும் குடிப்பாரா? ஆமாம். நீதான் ஊற்றிக் கொடுத்தாயா? ஆமாம். ஒவ்வொரு ஆமாமுக்கும் வீட்டுக்காரர் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. வேறு என்ன சொல்ல? எல்லாம் உண்மை.

எங்கள் வக்கீல் எழுந்தார். எதிலிருந்து ஊற்றினாய் என்று மட்டும் கேட்டார். பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேன். பல் வெட்டின காகிதம் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதில் என்ன இருந்தது என்று அவரே கேட்டார். தாரு என்றேன்; அர்த்தம் தெரிந்த பிறகும் அந்த மருந்துக்கு என் வாயில் வந்த பேர் அதுதான். இந்தக் காகிதம் எதற்கு? வேளைக்கு ஒரு பல் தாரு. வக்கீல் தன் பையிலிருந்து ஒரு பொடிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். இது? தவா. பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. திரும்பவும் பாட்டிலைக் காட்டினார், திரும்பவும் பொட்டலத்தைக் காட்டினார். நான் அதையேதான் சொன்னேன்.

இது சொல்லிக் கொடுத்த பேச்சு என்றார் பட்டறை வக்கீல். சொல்லிக் கொடுத்தவன் பாட்டிலைக் கழுவியாவது அனுப்பியிருப்பான் என்று அதிகாரி சொன்னாராம். வெளியே வந்து பாய்தான் சொன்னார்.

கம்பவுண்டரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். சில மாதம் கழித்து எங்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. வீட்டுக்காரர் பாயிடம் கேட்டது ஒன்றுதான். "அந்தக் காயிதத்துல எழுதனத அடிச்சுட்டாங்களா பாய்?" பாய்க்கும் தெரியவில்லை. அடித்திருப்பார்கள் என்றார்.

வீட்டுக்காரர் பிறகு காவல்காரராக வேலை பார்த்தார். சாகிறதற்கு முந்தின வருஷம்கூட அதையே கேட்டார்.

இதெல்லாம் அணை உடைந்து ஊருக்குள் வெள்ளம் வந்ததற்கு முந்தின வருஷமா, அதற்கும் முன்பா என்பதில் எனக்குச் சந்தேகம். மூன்று விரல் என்று எழுதினேன், தீர்ப்பில் இரண்டரை என்று இருந்ததாக ஞாபகம். பழைய காகிதம் எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது என்கிறார்கள், இல்லை என்றும் சொல்கிறார்கள். மராட்டி படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது அந்த ஆபீஸில் தேடிச் சரிபார்க்க வேண்டும். கீழே தமிழில் கையெழுத்து இருப்பது அந்த ஒன்றாகத்தான் இருக்கும். அதற்கு மேலே இருக்கும் வரி அடித்திருக்கிறதா என்று பாருங்கள்.