மத்தியானத்தில் ஆடும் தண்ணீர்

நாடு சுதந்திரம் அடைந்ததில் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த பங்கு ஒரு கண்ணாடி மீன் தொட்டி. அப்பா கார் ஓட்டிக்கொண்டிருந்த துரை, மெர்டேக்கா என்கிற அந்தச் சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த சில மாதங்களில் குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார். மேசை, அலமாரி, பியானோ எல்லாம் வசதியுள்ளவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. மூலையில் கசிந்துகொண்டிருந்த இந்தத் தொட்டியை மட்டும் யாரும் சீண்டவில்லை. அப்பா அதை ரிக்‌ஷாவில் மடிமேல் வைத்துக்கொண்டு காஜா பெராங்கில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தாரை உருக்கிக் கசிவையும் அடைத்தார்.

வந்த சிக்கல் அதை எதன்மேல் வைப்பது என்பதுதான். நான்கு மண்ணெண்ணெய் டின் தண்ணீர் பிடிக்கும் தொட்டி அது. எங்கள் வீட்டு மேசையோ சோற்றுப் பானைக்கே முனகும். அப்பா டவுனில் ஒரு சீனத் தச்சரிடம் போய்க் கேட்டுவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்.

"சவப்பெட்டி விலை சொல்றான். மீனுக்கா எனக்கான்னு கேக்காம வந்துட்டேன்" என்றார். "நானே செஞ்சிக்கிறேன். வீட்டுல கட்டையா இல்ல?"

அம்மா சிரித்தாள். அம்மா சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அவள் அவ்வளவாகச் சிரிக்கிறவள் அல்ல.

அந்த வாரமே அம்மாவும் நானும் புக்கிட் பாருவில் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். பெரியம்மா மகளுக்குப் பிரசவம். கூடத்தில் நான்கு கால் சட்டம் நிறுத்தி, புடவையில் தூளி கட்டியிருந்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டத் தூக்கிப் போயிருந்த நேரத்தில் நான் தூளியைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினேன். முதுகில் பளாரென்று அம்மாவின் அறை விழுந்தது.

"வெறும் தூளிய ஆட்டாத! எத்தன தடவ சொல்றது?"

உண்மையில் அதற்கு முன் அவள் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. எனக்கு வலியைவிட அந்த அநியாயம்தான் உறைத்தது. அங்கே இருந்த பத்து நாளும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

திரும்பி வந்தபோது கூடத்தில் தொட்டி நின்றுகொண்டிருந்தது. அப்பா கோயில் திருவிழா உபயக்காரரைப் போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான்கு கால்களை இடுப்பு உயரத்துக்கு அறுத்து, மேலே பால் டின் பெட்டிப் பலகைகளை அடித்து, அதன்மேல் பழைய நாளிதழ்களை மடித்துப் போட்டிருந்தார். கிளாசில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்ததாகச் சொன்னார். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலும் தண்ணீர் ஊற்றிய பால் டின்னுக்குள் நின்றது. ஆணியைத் தவிர ஒரு காசு செலவில்லையாம். உள்ளே, சாக்கடையில் வலைபோட்டுப் பிடித்த ஏழு மீன்கள்.

முன்பக்கத்து மேல்சட்டத்தில் ஒரு பள்ளம் இருந்தது. இரண்டு விரல் அகலத்தில், வழவழவென்று, எதுவோ நெடுநாள் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியது போன்ற பள்ளம். அம்மா மீன்களைப் பார்க்கவில்லை. அந்தப் பள்ளத்தைத்தான் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா துணிமூட்டையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அது ஆரம்பித்தது.

பள்ளிவிட்டு வந்து சாப்பிட்டதும் நான் உள்ளறையில் படுத்துத் தூங்கவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். தெருவில் ஐஸ்காரரின் மணிகூடக் கேட்காத நேரம். கூடத்திலிருந்து 'கிரீச்' என்று ஒரு சத்தம் வந்தது. நிறுத்தி, மறுபடி 'கிரீச்'. ஒரே தாளத்தில் கால் மணி நேரத்துக்கு. நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். சத்தம் நின்று வெகுநேரம் கழித்துத்தான் எட்டிப்பார்க்கத் துணிவு வந்தது. கூடத்தில் யாரும் இல்லை. தொட்டிக்குள் தண்ணீர் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஏழு மீன்களும் பள்ளம் இருந்த இடத்துக்கு நேராக வரிசையாக நின்று, தண்ணீரோடு சேர்ந்து ஆடின.

தினமும் இதே கதை. சத்தத்துக்கு முன்பே மீன்கள் அந்த இடத்தில் வந்து கூடிவிடுவதையும் கவனித்தேன். யாருக்காகவோ காத்திருப்பது போல நிற்கும். பக்கத்து வீட்டு செட்டி அம்மாளின் முன்னோர் பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறியவர்கள்; அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். ஒருநாள் அம்மாவிடம் வெற்றிலை கேட்டு வந்தவர் அந்தச் சட்டத்தில் கை வைத்தார். சுட்டதைப் போலக் கையை எடுத்துக்கொண்டார்.

"ஆடா ஓராங்" என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து மாமா வந்திருந்தார். அப்பாவும் அம்மாவும் ஜாலான் பெண்டஹாராவுக்குச் சாமான் வாங்கப் போன நேரம் பார்த்து அவரிடம் அழுதேன்.

மாமா குனிந்து தொட்டியின் கால்களை அசைத்துப் பார்த்தார். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. குறுக்குக் கட்ட அடிக்கல, அதான் ஆடுது. மச்சான் காரு ஓட்டத்தான் லாயக்கு."

பின்புறக் கால்களிலும் பக்கவாட்டிலும் சாய்வாகப் பலகை வைத்து ஆணி அடித்தார். பிறகு தோளால் முட்டிப் பார்த்தார். தொட்டி மலைபோல நின்றது. யாரிடமும் சொல்லவேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். பேயை விரட்டிய பெருமையை அப்பாவிடம் நானே சொல்லவேண்டும் என்ற ஆசை.

மறுநாள் மத்தியானம் சத்தம் வரவில்லை. வெற்றி என்று நினைத்துக் கதவிடுக்கில் பார்த்தேன்.

அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துத் தள்ளினாள். சட்டம் அசையவில்லை. மறுபடி தள்ளினாள். பிறகு இரண்டு கையாலும். குனிந்து பலகைகளைப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. தொட்டிக்குள் தண்ணீர் துளியும் அசையாமல் கிடந்தது. ஆனால் மீன்கள் ஏழும் வழக்கம்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தன.

அந்தக் கால்களும் மேல்சட்டமும் எங்கள் வீட்டுத் தூளிச் சட்டத்தினுடையவை. பள்ளம் தூளிக் கயிறு அறுத்த தடம். முதலில் நான் அதில் கிடந்தேன், பிறகு ஒரு தம்பி நாற்பது நாள் கிடந்தான். அந்தச் சமயத்தில் என்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். செத்த குழந்தையின் தூளிச் சட்டத்தை யாரும் வாங்கமாட்டார்கள், எரிக்கவும் அப்பாவுக்கு மனம் வரவில்லை. இதெல்லாம் எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு பெரியம்மா சொல்லித்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்தார், அம்மாவைப் பார்த்தார், பலகைகளைப் பார்த்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் சுத்தியலை எடுத்துவந்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"மாமாவத் திட்டாதீங்கப்பா, நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்றேன். "பலகைய எடுத்தா மறுபடியும் ஆடுமே."

"ஆடட்டும்."

"பயமா இருக்குப்பா."

அப்பா கடைசி ஆணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பயப்படாதம்மா. ஆட்டுனா ஒண்ணும் ஆகாது. இப்ப வெறுமனயா இல்லையே."

ஏழு மீன் கிடக்கும் தொட்டியை வெறும் தொட்டி என்று யார் சொன்னது? அப்பா என்னவோ சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.