சத்தம் நின்ற மாடி

வேலைவாய்ப்பு அலுவலகம் கொடுத்த அட்டையில் ஸ்வர்ணலதா இப்படி இருக்கிறாள்: "வேலையற்றவர். ஆங்கிலத் தட்டச்சு, இளநிலை. முன் அனுபவம் இல்லை." 1977-இல் பதிந்தது. அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள், வாசகம் மாறவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டின் மிளகு, சுக்குக் கம்பெனிகள் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பதில்லை. கொடுத்தால், ஆள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டான் என்று அர்த்தம். ஆகவே ஸ்வர்ணலதா காதால் வேலை தேடினாள். கீழே கிடங்கு, மேலே ஆபீஸ், ஜன்னல்கள் ரோட்டைப் பார்த்து. காலையில் ஒரு நடை நடந்தால் எந்த மாடியில் டைப்ரைட்டர் ஓய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கே ஒழிவு, அதாவது காலியிடம், இருக்கும் என்று படியேறுவாள். ஒரு தடவை மெஷின்தான் ரிப்பேருக்குப் போயிருந்தது. டைப்பிஸ்ட் சௌக்கியமாகக் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம், கர்க்கடக மழையில் ஒரு சுக்குக் கம்பெனியின் மாடி ஓய்ந்தது. மானேஜர் வைத்தீஸ்வரன் அவள் தெருக்காரர்.

"இங்கே ஒழிவு உண்டுன்னு ஆரு பறஞ்சா?"

"ஒருத்தரும் பறயலை, மாமா. ரோட்டுல நின்னேன், சத்தம் கேக்கலை."

"மாமா எல்லாம் ஆத்துல. இங்கே சார். கமலாக்ஷி பிரசவத்துக்குப் போயிருக்கா. அவ வர்ற வரைக்கும் உக்காரு."

உட்கார்ந்தாள். லீவு முடிகிற சமயத்தில் வைத்தீஸ்வரன் கூப்பிட்டார்.

"உன் கை நல்ல வேகமாக்கும். ஸ்திரமா இருந்துக்கோ. கமலாக்ஷிக்கு இனி வரண்டாம்னு ஒரு லெட்டர் அடிச்சுக் கொண்டா."

அப்பாவுக்குப் பென்ஷன் கிடையாது. அவள் வருஷக்கணக்கில் தேடிய வேலை, ஒரு கடிதத் தூரத்தில் நின்றது. அதை அவளே அடிக்க வேண்டும்.

"அது மட்டும் அடிக்க மாட்டேன், சார்."

"அசடே! ஒழிவு தேடி ரோடெல்லாம் அலைஞ்சவதானே நீ?"

"ஒழிவைத்தான் தேடினேன். இது ஆள் இருக்கற எடம்."

அந்த ஆபீஸில் வேறு யாருக்கும் தட்டச்சு தெரியாது. கடிதம் போகவில்லை.

திரும்பி வந்த கமலாக்ஷிக்கு விஷயம் எட்டியது. "எதுக்கடி விட்டுக் கொடுத்தே?" என்று கேட்டாள்.

"லீவுல போறவா என்னை நம்பணுமே, சேச்சி."

இரக்கமா வியாபாரமா என்று கமலாக்ஷிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த ரோட்டில் லீவு எடுக்கிற பெண்கள் மானேஜரிடம் சொல்வதற்கு முன்பே ஸ்வர்ணலதாவிடம் சொன்னார்கள். 1986 வரை அவர்களுடைய நாற்காலிகளில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். அவரவர் திரும்பி வந்த அன்று எழுந்து போனாள்.