ஆமையின் வேகம் நாற்பத்தொன்பது

வலது கட்டைவிரல் கையடக்க விளையாட்டுக் கருவியில் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. திரையில் ஆமை ஒரு புளிப்புப் பழத்தைத் தின்று, கண்ணை மூடி, உடம்பைக் குலுக்கியது. 'ஆமைக்கு மகிழ்ச்சி' என்று எழுத்து வந்தது. அது மறையும்வரை அடுத்த பழம் கொடுக்க முடியாது. பதினெட்டு நொடி. ஒரு பழத்துக்கு வேகத்தில் ஒரு புள்ளி குறையும். குறைய வேண்டியது முப்பத்துமூன்று. அணிப் பட்டியலைப் பத்து மணிக்குள் நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். மணி ஒன்பது நாற்பத்தைந்து ஆகியிருந்தது.

யாய்சு துறைமுகத்து ஆலையில், புகையில் உலர்த்துவதற்காக வேகவைத்த சூரை மீனிலிருந்து இடுக்கியால் முள் எடுக்கிற கை அது. குராமோச்சி சனாயேவின் கை. ஒரு முள்ளையும் விடமாட்டாள் என்று ஆலையில் பெயர். எங்கள் கடைத்தெரு விளையாட்டுக் கடையின் மாடியிலோ, அணி கட்டுவதில் அவளுக்கு நிகர் இல்லை என்று பெயர்.

ஆடத்தான் அவளுக்கு வராது. ஆளுக்கு ஆறு மிருகங்கள், களத்தில் ஒரு நேரத்தில் இரண்டிரண்டு, வேகம் கூடியது முதலில் அடிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் யோசிக்க நாற்பத்தைந்து நொடி தருவார்கள். சனாயேவுக்கு இருபது நிமிடம் வேண்டும். ஆகவே அவள் கட்டுவாள், வேறொருவர் ஆடுவார். நான்கு வருடமாக ஆடுகிறவன் சலவைக் கடை வண்டி ஓட்டும் ஹிகுசி டெப்பெய்.

அவள் கட்டுவது முழுத் தாக்குதல் அணி. எதிராளி நிமிர்வதற்குள், நான்கு சுற்றில் ஆட்டத்தை முடிக்க வேண்டும். ஆறும் அடிக்கும், ஒன்றுகூடப் பதுங்காது. டெப்பெய் பட்டியலைக் குனிந்து வணங்கி வாங்கிக்கொள்வான். நடுவரிடம் கொடுப்பதற்குள் ஆறில் ஒன்றைப் பேனாவால் அடித்துவிட்டு, தன் ஆமையை எழுதிவிடுவான். ஆமை ஓட்டுக்குள் ஒளிந்து காயம் ஆற்றிக்கொள்ளும். அது ஒளிந்திருக்கும் இரண்டு சுற்றில் பக்கத்தில் நிற்பது அடிபட்டுச் சாகும். இப்படிப் பதினோரு பட்டியல், பதினோரு தோல்வி. தான் கட்டிய அணி கட்டியபடி களத்தில் இறங்கி அவள் ஒருமுறையும் பார்த்ததில்லை. இன்றைக்கு இந்த வருடத்தின் கடைசித் தகுதிப் போட்டி.

இந்த முறை அவள் ஆமையைத் தானே உள்ளே வைத்துக் கட்டினாள். வேறு வழி தெரியவில்லை. ஆமையின் கழுத்தில் கோபக்கல். ஓர் அடி வாங்கினால் அதன் பலம் இரட்டிக்கும். பக்கத்தில் நிற்கும் நம் தவளையே முதலில் அதன்மேல் மெல்லத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். கோபம் ஏறிய ஆமை அதே சுற்றில் எதிராளியின் மிருகங்கள் இரண்டையும் சேர்த்துச் சாய்க்கும். எட்டு வாரம் கணக்குப் போட்டாள். தவளையின் வேகம் ஐம்பது. எந்த ஆமையும் அதைவிட மெதுவாகத்தான் இருக்கும் என்பதால் அதை மட்டும் பார்க்கவில்லை.

காலையில் பட்டியலில் எண்களை எழுத டெப்பெய்யின் கருவியைத் திறந்தாள். ஆமையின் வேகம் எண்பத்திரண்டு.

"டெப்பெய், இது என்ன?"

"அதுவா அக்கா... ரெண்டு வருஷம் முன்னாடி ஓட்டப் பயிற்சி குடுத்தேன்."

"ஆமைக்கு?"

"எப்பவும் கடைசியா வருதேன்னு பாக்கப் பாவமா இருந்துச்சு."

சனாயே இடுப்புப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் உட்கார்ந்து பழம் கொடுக்கத் தொடங்கினாள். இப்படியே போனால் கோபம் வருவதற்கு முன்பே ஆமை அடித்துவிட்டுச் சும்மா நிற்கும், எட்டு வாரமும் குப்பை என்பதை எண்களிடம் சொல்வதுபோல் முணுமுணுத்தாள். டெப்பெய் ஒரு சோற்று உருண்டையின் உறையைப் பிரித்து நீட்டினான். அவள் வாயை மட்டும் திறந்தாள்.

இருபதாவது பழத்தில் அவன் மெதுவாகக் கேட்டான். "ஒண்ணு மட்டும் சந்தேகம் அக்கா. என் ஆமைய நானே அடிக்கணுமா?"

"தண்ணிதான்."

"வலிக்கும்ல."

"நாலு வருஷமா என் பட்டியல்ல நீ அடிக்கலையா? எனக்கு வலிக்கலையா? அடி வாங்கினாத்தான் அதுக்குக் கோபமே வரும். எனக்கு வந்திருக்கு பாரு, அந்த மாதிரி."

அவன் திரையைப் பார்த்தான். ஆமை கண்ணை மூடிக் குலுங்கிக்கொண்டிருந்தது. "அது செத்துட்டா?"

"சாகாது. எதிராளியோட மிகப் பெரிய அடிய வாங்கினாலும் மூணு புள்ளி உசிரு மிஞ்சும். முந்நூறு தடவை போட்டுப் பாத்துட்டேன். ஒளிய வெச்சப்ப ஒரு தடவையாவது மிஞ்சிச்சா?"

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு எண் நாற்பத்தொன்பதில் வந்து நின்றது. சனாயே நடுவரின் மேஜைக்குப் போய்ப் பேனாவால் எழுதினாள். கருவியையும் தாளையும் மாறி மாறி இருமுறை ஒப்பிட்டாள். எண் ஒன்று தவறினாலும் ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். கோபக்கல், தண்ணீர் பீய்ச்சல் எல்லாம் சரி. ஒரு மிருகத்துக்கு நான்கு வித்தை எழுதலாம்; ஆமையின் நான்காவது வித்தை என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டுப் பேனாவை அவனிடம் கொடுத்தாள். ஒளிவதா, அடிப்பதா என்று அவன் கையாலேயே எழுதட்டும்.

"இத்தனை செஞ்சுட்டு இத மட்டும் ஏங்க்கா என்கிட்ட விடுறீங்க?"

"நான் எழுதினா நீ அடிச்சுடுவ. உன் கையெழுத்தயாவது விட்டு வைப்ப."

மேஜைக்குப் பின்னால் நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். டெப்பெய் இரண்டு எழுத்து எழுதி நிறுத்தினான். பெருமூச்சு விட்டான். பிறகு 'பாறைச் சரிவு' என்று முழுதாக எழுதினான். அது அடிக்கிற வித்தை.

மாற்றம் ஏதும் உண்டா என்று நடுவர் வழக்கப்படி கேட்டார். இல்லை என்று சொல்லி, குனிந்து, இரண்டு கையாலும் தாளை நீட்டினான். நடுவர் பிடித்து இழுத்தார். தாள் வரவில்லை. அதன் ஓரத்தில் மீன்புகை மணக்கும் கட்டைவிரல் ஒன்று இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. சனாயே கடைசி வரியை மூன்றாம் முறை படித்துவிட்டு விரலை எடுத்தாள்.