வியாழனுக்குப் பக்கத்தில் நான்கு புள்ளிகள்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஜான்சன் நடத்தும் ஸ்டுடியோவிலிருந்து ஜோதிலட்சுமியின் கைபடாமல் எந்த முகமும் வெளியே போனதில்லை. பரு, தழும்பு, வேட்டியில் சிந்திய சாம்பார் எல்லாவற்றையும் கணினியில் துடைத்தெடுப்பது அவள் வேலை. முடிந்ததும் பழைய படத்தைக் கேமரா கார்டிலும் சேர்த்து அழித்துவிட வேண்டும் என்பது ஜான்சன் போட்ட சட்டம். ஒரு கல்யாணப் பெண் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்ததிலிருந்து அப்படி.

அவள் பன்னிரண்டாவதோடு நின்றவள். தம்பி உலகநாதன் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் படிக்கிறான். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் எல்லாரும் இதை அசையாமல் கேட்டிருக்கிறார்கள்.

கல்லூரிக் கண்காட்சிக்குச் சொந்தமாக எடுத்த விண்வெளிப் படமும், அதைப் பற்றி ஒரு கட்டுரையும் வேண்டும். மாமல்லபுரம் கடற்கரையில் கல்லூரித் தொலைநோக்கியில் கேமராவை மாட்டி, உலகநாதன் வியாழன் கிரகத்தைப் படமெடுத்தான். பெரிதாகப் பிரிண்ட் போட அக்காவிடம் கார்டைக் கொடுத்தான். தம்பியின் படமாயிற்றே என்று அவள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் செய்தாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் பிரிண்ட்டைப் பார்த்தவன் அதை விளக்குக்குக் கீழே கொண்டுபோய்த் தேடினான்.

“நிலா எங்கக்கா?”

“எந்த நிலா? வியாழன்னுதானே சொன்னே?”

“வியாழனோட நிலாக்கா. பக்கத்துல வரிசையா நாலு புள்ளி இருந்துச்சே.”

“அதுவா? தூசுன்னு எடுத்துட்டேன். இன்னா சுத்தமா கீது பாரு.”

“கட்டுரையே அந்த நாலைப் பத்திதான்க்கா!”

பழைய படம் சட்டப்படி அழிந்திருந்தது. வெளியே அடைமழை. மறுபடி எடுக்க வானம் இல்லை.

“இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சுகினு கீறே? எங்கெங்க இருந்துச்சு சொல்லு, வெச்சுக் குடுத்துடறேன்.”

“நீ வெச்சா அது நிலா இல்லக்கா. பொய்.”

“கல்யாண ஆல்பம் பூரா அதான்டா.”

“கல்யாணத்துக்கு மார்க் போட மாட்டாங்க.”

ஜோதிலட்சுமி சற்று யோசித்தாள். “போன்ல ஒரு வானத்துப் படம் காட்டினியே, செவப்பும் நீலமுமா மேகம் மாதிரி. அது மட்டும் அப்படியேவா வந்துச்சு?”

“இல்லக்கா. கறுப்பு வெள்ளையிலதான் வரும். அப்புறம் ஒருத்தர் உக்காந்து கலர் போடுவாரு.”

“அப்ப அங்கயும் ஒரு ஸ்டுடியோ கீது.”

“கீது. ஆனா இன்னா பண்ணாங்கன்னு எழுதி வெச்சுடுவாங்க.”

சொன்னதை அவனே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான். பிறகு பழைய கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தான்.

மறுநாள் கண்காட்சியில் நிலா இல்லாத வியாழனுக்குக் கீழே இப்படி இருந்தது: ‘இப்படத்தில் வியாழனின் நான்கு நிலாக்கள் இருந்தன. தூசி என்று கருதி என் அக்கா ஜோதிலட்சுமி நீக்கிவிட்டார். எந்த விண்வெளிப் படத்தைப் பார்த்தாலும், யார் எதை நீக்கினார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று இனி நான் கேட்பேன்.’

பேராசிரியை மார்கரெட் இரண்டு முறை படித்தார். “அக்கா வந்திருக்காங்களா?”

ஜோதிலட்சுமி கையைத் தூக்கினாள்.

பரிசு, கிரகணத்தைப் படமெடுத்த பெண்ணுக்குப் போனது. தம்பியின் பெயரோடு தன் பெயரும் கல்லூரிச் சுவரில் இருப்பதை ஜோதிலட்சுமி கோணல் இல்லாமல் செல்போனில் பிடித்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம், “கன்னத்துல ஒரு மச்சம் கீதே, இருக்கட்டுமா, எடுத்துடவா?” என்று ஆளாளுக்குக் கேட்கிறாள். வேலை ஓடவில்லை என்று ஜான்சன் கத்துகிறார். பழைய படங்களை அவள் அழிப்பதில்லை. அது இன்னும் அவருக்குத் தெரியாது.