வா சாப்பிடு என்று சொன்னவர்கள்

கச்சல்லாவின் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்ததும் போன் செய்வாள். படிப்பு எப்படி, பாடம் புரிகிறதா என்பதெல்லாம் அப்பாவின் கேள்விகள். அவளுக்கு ஒரே கேள்விதான்.

“இன்னிக்கு யார்கூடடா சாப்பிட்டே?”

“ஃபோலாரின்கூட. ஓசாவும் இருந்தான்.”

“ஒரே தட்டுலயா?”

“ஒரே தட்டுலதாம்மா.”

அந்த நேரத்தில் அவன் ஆண்கள் விடுதிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஒரு செங்கல்மேல் உட்கார்ந்து அவித்த பயறைத் தனியாகத் தின்றுகொண்டிருப்பான். பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. ஆனால் இந்த ஒரு பொய் இரண்டு வருஷத்தில் நன்றாகப் பழகிவிட்டது. இப்போதெல்லாம் நாக்குகூடத் தடுமாறுவதில்லை.

நைஜீரியாவின் வடகிழக்கு மூலையில் யோபே மாநிலத்து கெய்தம் அவன் ஊர். அங்கே வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் ஒரு தாம்பாளம், பெண்களுக்கு ஒரு தாம்பாளம். தனித் தட்டு என்றால் ஒன்று நோயாளிக்கு, இல்லை வீட்டோடு சண்டை போட்டவனுக்கு. இந்தப் பல்கலைக்கழகமோ நாட்டின் மறுகோடியில், யொருபாக்காரர்களின் ஊரில் இருக்கிறது. பஸ்ஸில் இரண்டு நாள். மருந்தியல் படிக்க இடம் கிடைத்தது என்று தெரு முழுக்கக் கொண்டாடியது. அம்மா மட்டும் பஸ் ஏற்றிவிடும்போது ஒரு நிபந்தனை வைத்தாள்.

“படிப்பு பெருசுதான். இல்லேங்கல. ஆனா தனியா உக்காந்து சாப்பிடற எடத்துல என் புள்ளைய விட்டு வைக்கமாட்டேன். தெரிஞ்சா அப்பாவ லாரியோட அனுப்பித் தூக்கிட்டு வந்துருவேன்.”

சொன்னால் செய்கிறவள். அதனால்தான் பொய். உண்மை தெரிந்தால் படிப்பு போச்சு.

ஆரம்பத்தில் பொய் தேவைப்படவே இல்லை. வந்த இரண்டாம் நாள், ஆறு பேருக்கான இடத்தில் ஒன்பது பேர் நெருக்கியடித்துக் கிடந்த அந்த அறையில், ஜன்னலோரக் கட்டிலுக்குச் சொந்தக்காரனான ஃபோலாரின் மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்துவிட்டு மரவள்ளிக் களியும் எகுசி விதைக் குழம்புமாக உட்கார்ந்தான். நிமிர்ந்து பார்த்தான். “வா, சாப்பிடு” என்றான்.

கச்சல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு நாள் பஸ்ஸில் வந்த உடம்பு, தெரிந்த முகம் ஒன்றில்லாத ஊர், ஒருவன் சோற்றுக்குக் கூப்பிடுகிறான். கையைக் கழுவினான். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பாதி களியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தான். ஃபோலாரின் கொஞ்சம் வேகமாகச் சாப்பிட்டான், அவ்வளவுதான்.

மறுநாள் ஓசா நூடுல்ஸ் கிண்டிக்கொண்டு “வா, சாப்பிடு” என்றான். ஓசாவின் முழுப்பெயர் ஓசாரெட்டின், பெனின் நகரத்துப் பையன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். கச்சல்லா அங்கேயும் கை கழுவினான். அதற்கடுத்த நாள் வேறொருவன். தெற்கத்திக்காரர்களைப் பற்றி ஊரில் எத்தனை கதை கட்டிவிட்டார்கள், எல்லாம் சுத்தப் பொய், தங்கமான பிள்ளைகள் என்று அம்மாவிடம் சொன்னான். அப்போது அது அவன் வரைக்கும் உண்மைதான்.

ஒன்றுதான் உறுத்தியது. அவனும் ஒருநாள் சோளக்களி கிண்டி, ஆனைப்புளி இலைக் குழம்பு வைத்து, அறை நடுவே இறக்கி, எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். “நன்றி, நீ சாப்பிடு” என்றார்கள். ஒருத்தர் விடாமல். எட்டு நன்றி. பச்சையாகக் கொழகொழவென்று இருந்த குழம்பைப் பார்த்து அருவருப்பு போல என்று நினைத்துக்கொண்டான். ஆறிப்போகும்வரை காத்திருந்தான். நான்கு பேருக்கு ஆக்கியதைத் தனியாகத் தின்றான்.

மூன்றாவது வாரம் படிக்கட்டு ஏறி வரும்போது அறைக்குள்ளிருந்து ஓசாவின் குரல் கேட்டது.

“வரி ஆபீசர் வராரு. சட்டிய மூடு.”

சிரிப்பு எழுந்தது. கச்சல்லாவும் சிரித்துக்கொண்டே உள்ளே போய், “யாருடா வரி ஆபீசர்?” என்று கேட்டான். சிரிப்பு டக்கென்று நின்றது. அது தான்தான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சாயங்காலம் துணி காயப்போடும் இடத்தில் ஓசாவே வந்தான். கிண்டல் செய்தவனுக்கு மனசு கேட்கவில்லை.

“தப்பா எடுத்துக்காத அபோக்கி.” வடக்கத்திக்காரன் யாராக இருந்தாலும் இங்கே அபோக்கிதான். “யாராவது சாப்பிடும்போது வா சாப்பிடுன்னு சொன்னா, நன்றி, நீ சாப்பிடுன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும். அது ஒரு மரியாதைக்குச் சொல்றது. காலை வணக்கம் மாதிரி.”

“அப்ப நெசமா கூப்பிடணும்னா எப்படிக் கூப்பிடுவீங்க?”

ஓசா யோசித்தான். ஈரச் சட்டையை உதறினான். “தெரியல. தனியாத் தட்டுல போட்டு எடுத்துட்டு வந்து கையில குடுப்போம்னு நினைக்கிறேன்.”

“அப்ப என் சோளக்களி?”

“அதா? பாக்கவே நல்லா இருந்துச்சு. நீ மரியாதைக்குக் கூப்பிட்டேன்னு நினைச்சோம்.”

அன்றைக்கு கச்சல்லா, தான் விழுங்கிய ஒவ்வொரு கவளத்தையும் நினைத்துப் பார்த்தான். ஃபோலாரின் ஏன் வேகமாகச் சாப்பிட்டான் என்பது இப்போது புரிந்தது. பாவம், தன் பங்கைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறான். வெட்கத்தில் உடம்பே கூசியது. யார்மேலும் கோபப்பட முடியவில்லை என்பதுதான் இன்னும் பெரிய கொடுமை. கெட்டவர்களாக இருந்தால் முறைத்துக்கொண்டாவது போகலாம்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று கற்றுக்கொண்டான். ஊரில் ஒருவரைப் பார்த்தால் தூக்கம் எப்படி, களைப்பு எப்படி, வீட்டில் எப்படி, ஆடுமாடு எப்படி என்று வரிசையாகக் கேட்டு முடிக்காமல் பேச்சு தொடங்காது. இங்கே இரண்டாவது கேள்விக்குள் ஆள் வராந்தா முனைக்குப் போய்விட்டிருப்பான். அதைச் சுருக்கினான். பெரியவர்களைக் கண்டால் இவர்களைப் போலத் தரையில் கை ஊன்றிக் குனியப் பழகினான். தட்டின் சத்தம் கேட்டாலே “நன்றி, நீங்க சாப்பிடுங்க” என்று வாய் தானாகச் சொன்னது. சில நாள் ஆள் இல்லாத அறையைப் பார்த்துக்கூடச் சொல்லியிருக்கிறான்.

மற்றவர்கள் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்துச் சமைத்தான். சமைக்க அலுப்பான நாளில் பயறு வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனான். வரி ஆபீசர் என்ற பெயர் மெல்ல உதிர்ந்து, கச்சா என்று ஆனது. ஓசா பந்து விளையாடக் கூப்பிட்டான். ஃபோலாரின் தன் குறிப்பு நோட்டைக் கேட்காமலேயே கொடுத்தான். இரண்டாம் வருஷத்தில் ஒருநாள், “இவன் இப்ப நம்ம ரூம் ஆளு” என்று ஃபோலாரின் யாரிடமோ சொல்வதைக் கேட்டான். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் வாங்கி, புரட்டிப் பார்த்து, இது நிஜமா மரியாதையா என்று பிரித்து வைத்து நாளை ஓட்டுவதில் ஒரு களைப்பு சேர்ந்துகொண்டே வந்தது. தூங்கினாலும் போகாத களைப்பு.

அந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பா வந்து நின்றார்.

அப்பாவின் பெயர் கியாரி. லாரி ஓட்டுகிறவர். காராமணி மூட்டை ஏற்றிக்கொண்டு இந்த நகரத்துச் சந்தைக்கு வந்திருந்தார். மூட்டை இறக்க இரண்டு நாள் காத்துக்கிடந்து, புழுதி படிந்த அங்கியோடும் தொப்பியோடும், காவல்காரரிடம் வழி கேட்டு, மாடி ஏறி வந்துவிட்டார். கச்சல்லா கதவருகே அப்படியே நின்றுவிட்டான்.

ஃபோலாரின் அப்போதுதான் சோற்றை இறக்கியிருந்தான். அடுத்த வாரம் பரீட்சை, சமைக்க நேரம் இருக்காது என்று மூன்று நாளைக்கான ஜொல்லோஃப் என்ற தக்காளிச் சோறு, இருந்த இறைச்சி எல்லாம் போட்டு ஆக்கியது. பெரியவரைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டுத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினான். நல்ல வளர்ப்பு. எழுந்தவன், அதே வளர்ப்பு சொல்லிக்கொடுத்ததையும் சொன்னான்.

“பாபா, வாங்க, சாப்பிடுங்க.”

கியாரி தொப்பியைக் கழற்றினார். “தண்ணி எங்கப்பா, கை கழுவணும்.”

ஓசா மேல்கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்தான். கச்சல்லா தங்கள் கனூரி மொழியில் அவசரமாகச் சொன்னான்:

“அப்பா, வேணாம். அது சும்மா வாய்வார்த்தை. வாங்க, கேன்டீனுக்குப் போலாம்.”

“சோத்துக்கு யாராவது வாய்வார்த்தையாக் கூப்பிடுவாங்களா?” கியாரி கை கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். “பெரிய தட்டா ஒண்ணு எடு தம்பி. என்ன எல்லாரும் நின்னுகிட்டு இருக்கீங்க? நீயும் உக்காரு. மேல படுத்திருக்கிறவனே, உனக்கு வேற தனியாச் சொல்லணுமா?”

தெற்கானாலும் வடக்கானாலும் பெரியவர் உட்காரச் சொன்னால் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். ஃபோலாரின் தன் மூன்று நாள் சோற்றை ஒரு பெரிய தட்டில் கவிழ்த்தான். ஓசா இறங்கி வந்தான். வராந்தாவிலிருந்து இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்து மாட்டிக்கொண்டார்கள். ஐந்து கைகள் ஒரே தட்டில். முதலில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு ஓசா, “பாபா, லாரியில பிரேக் இருக்கா, இல்ல வேண்டுதல்தானா?” என்று ஆரம்பித்தான். கியாரி, “பிரேக் இருக்கு, ரோடுதான் இல்ல” என்றார். ஃபோலாரின் வாயில் சோற்றோடு சிரித்தான். இரண்டு வருஷத்தில் அந்த அறையில் கச்சல்லா பார்க்காத காட்சி.

அவன் மட்டும் கதவருகிலேயே நின்றான். ஃபோலாரினின் பரீட்சை வாரம் கண்முன்னே குறைந்துகொண்டிருந்தது. இவ்வளவு பாடுபட்டுத் தேய்த்து அழித்த பெயர் திரும்பி வரப்போகிறது, இந்த முறை அப்பாவுக்கும் சேர்த்து.

கியாரி பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தார். நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

“வா, சாப்பிடு.”

“நன்றி, நீங்க சாப்பிடுங்க” என்றான் கச்சல்லா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்தது. கியாரியின் கை தட்டிலேயே நின்றது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். பழக்கமில்லாத வழியில் திரும்பிவிட்டவர்போல் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு சாப்பிட்டு முடித்தார். ஊர் வழக்கப்படி இறைச்சியைக் கடைசிவரை தொடாமல் ஒதுக்கி வைத்து, பெரியவர் என்ற முறையில் ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டார். ஒரு துண்டை மட்டும், கொஞ்சம் சோற்றோடு, யாரும் உட்காராத பக்கத்து விளிம்பில் வைத்தார்.

வாசல்வரை அப்பாவும் மகனும் நடந்தார்கள். கேட் அருகே கியாரி நின்றார்.

“இருவது வருஷமா இந்தப் பக்கம் லாரி ஓட்டறேன். மரியாதைக்குக் கூப்பிடறது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே?”

கச்சல்லா திகைத்தான். “பின்ன ஏம்பா உக்காந்தீங்க?”

“உங்கம்மா பாத்துட்டு வரச் சொன்னா. நீ யார்கூடச் சாப்பிடறேன்னு.” அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். “உக்காந்தாத்தானே தெரியும்.”

இரண்டு வருஷப் பொய் ஒரு தட்டில் முடிந்துபோயிற்று.

“அம்மாகிட்ட என்ன சொல்லப்போறீங்க?”

“நல்ல பசங்க, நாலு பேரோட ஒரே தட்டுல சாப்பிட்டேன்னு சொல்றேன். நான் சாப்பிட்டேன். அதுல பொய் இல்ல.” கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பினார். “பரீட்சைய முடி. படிச்சு முடிச்சுட்டு வா. ஆனா கச்சல்லா, எனக்கே நன்றி சொல்லிட்டியேடா.”

அவர் போன பிறகும் கேட் அருகே வெகுநேரம் நின்றான். அழுகை வரும்போல இருந்தது, அழுவதற்கும் அலுப்பாக இருந்தது.

அறைக்குத் திரும்பினால் அவன் பெட்டியின்மேல் ஒரு சின்னத் தட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. ஃபோலாரின் பெரிய தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டிருந்தான்.

“பாபா உனக்கு ஒதுக்கினது. வீணாக்காத.”

“உன் மூணு நாள் சோறு...”

“போகட்டும் விடு. நல்ல மனுஷன்டா உங்கப்பா.”

கச்சல்லா கையைக் கழுவினான். தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தான். சோறு ஆறிப்போயிருந்தது. அதன்மேல் ஒரே ஒரு இறைச்சித் துண்டு. அதை இரண்டாகப் பிய்த்தான். தலைநிமிர்ந்து, ஊரில் கூப்பிடுவதுபோல, பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

“ஃபோலாரின். வா, சாப்பிடு.”

“நன்றி, நீ சாப்பிடு” என்றான் ஃபோலாரின், அன்பாகவே, தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனபடி.

கச்சல்லா பாதித் துண்டைத் தின்றான். மறுபாதியைத் தட்டின் எதிர்ப்பக்கம் வைத்துவிட்டு, குழாயில் தண்ணீர் நிற்கும்வரை காத்திருந்தான். ஃபோலாரின் வந்தான், துவாலையில் கையைத் துடைத்தான், புத்தகத்தைத் திறந்தான். பிறகு கச்சல்லா அந்தப் பாதியையும் எடுத்துத் தின்றான்.