சேவூர்க் காட்டில் நாலு வகைத் தரை

காலை ஏழு மணிக்கு அருள்புரத்தில் பஸ் ஏறினேன். திருப்பூர், அவிநாசி, பிறகு சேவூர் என்று மூன்று பஸ் மாற வேண்டும். கையில் ஒரு வெறும் சாக்கு.

நான் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன். பின்னால் சும்மா கிடக்கும் அரை ஏக்கரில் நாலு செம்மறி வளர்த்துக்கொள்ள முதலாளி விட்டிருக்கிறார். சேவூரில் இருக்கும் தங்கை ராமாத்தாள் ஆடியில் கொடுத்த கொழுக்கட்டைப்புல் விதையை அங்கே தூவினேன். புரட்டாசியில் இரண்டு மழை பெய்தும் முளைக்கவில்லை. தீவனம் வாங்கிப் போட்டால் கட்டுப்படியாகாது. மறுபடியும் புல் வராவிட்டால் நாலையும் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான்.

அவிநாசி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் திருநெல்வேலிப் பக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையாம்.

"வெறுஞ்சாக்க வச்சிக்கிட்டு எங்க போறிய?"

"புல்லு வெதை வாங்கப் போறனுங்க."

"புல்லுக்கு வெதையா? எங்கூர்ல பிடுங்கிப் போட்டாலும் மொளைக்கும்லா."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கியதும் பதினைந்து ரூபாய் டீ ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

அங்கிருந்து சேவூர் எட்டு கிலோமீட்டர். ராமாத்தாள் தன் மேய்ச்சல் காட்டில் ஆட்டோடு நின்றிருந்தாள்.

"ஏனுங்ணா, மறுக்காவும் வெதையா? குடுத்ததைத் தின்னுப்போட்டீங்களா?"

"மொளைக்கல அம்மிணி. நெலத்த நல்லாத்தான் பண்ணுனேன். ஜேசிபி உட்டு, கல்லெல்லாம் பொறுக்கி, கேரம் போர்டாட்ட மட்டம் பண்ணி..."

"கம்பெனிச் செட்டு போடறதுக்கு நெரவறாப்பல நெரவிப்போட்டு, புல்லு வரலீங்கறீங்க."

அவள் முன்னால் நடக்க, நான் மெதுவாகப் பின்னால் போனேன். கிளுவை வேலியின் அடி நிழலில் பிரண்டையும் கோவைக்கொடியும். பத்துத் தப்படி தள்ளி வெள்ளைச் சரளையில் நெருஞ்சி தவிர ஒன்றுமில்லை. அடுத்து உள்ளங்கை ஆழத்துக்கு ஒரு பள்ளம். தண்ணீர் நின்ற இடம், முழுக்கக் கோரை. ஆடுகள் படுக்கும் வெள்வேல மரத்தடியில் கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரம். கால் வைத்ததும் ஒரு காடை விருட்டென்று கிளம்பியது. எல்லாம் ஒரே காடு, ஒரே மழை.

எங்கள் அப்பா ஆட்டுப்பட்டியை மூன்று நாளைக்கொரு தரம் இடம் மாற்றிப் போடுவார். எரு பரவட்டும் என்றுதான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஆடு படுத்து மிதித்த தரையில்தான் விதையும் பிடிக்கும் போல.

"பொறுக்குன கல்ல எங்க போட்டீங்க?"

"மூலைல. வெட்டுன வேலமுள்ளும் அங்கதான் கெடக்குது."

"மொதல்ல அங்க போய்ப் பாருங்க."

சோறும் தட்டைப்பயிற்றுக் குழம்பும் போட்டு, அரைச் சாக்கு விதையும் கட்டிக் கொடுத்தாள். பஸ் வரும்வரை சாக்கைக் கீழே வைக்கவே விடவில்லை, அவளே வைத்திருந்தாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அருள்புரம் வந்து, நேரே மூலைக்குப் போனேன். மட்டம் பண்ணிய தரை ஓடு மாதிரிக் காய்ந்து கிடந்தது. முள்ளை விலக்கினேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மண் ஈரமாக இருந்தது. அதில் கொழுக்கட்டைப்புல், ஒரு சாண் உயரம். நான் தூவிய விதைதான். காற்று அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. இரண்டு மாதமாக அந்தப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாலு ஆட்டுக்கு ஒரு நாள் தீனிகூட ஆகாது. ஆனாலும் ஒரு கல்லைத் தூக்கி நடு நிலத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் போனை எடுத்தேன்.

"அம்மிணி, மொளைச்சிருக்குது."

"அப்ப ஆடு?"

"எங்கயும் போகாது, அம்மிணி."