டெலிவிஷனில் வந்தவளை விசாரிக்க வந்தவர்கள்

என் அக்கா டெலிவிஷனில் வந்தவள். அறுபதுகளில், இந்தியாவிலேயே டெல்லியில் மட்டும் அந்தப் பெட்டி இருந்த காலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதில் வேதியியல் பாடம் நடத்திய முதல் சில பெண்களில் ஒருத்தி. அது மெய்யா பொய்யா என்று விசாரிக்க ஒரு கூட்டமே கிளம்பியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கிளம்பியவர்கள் அவளைப் பெண் கேட்ட திண்டிவனத்துக்காரர்கள். அங்கே வளையல் கடை வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா பெரிய மனுஷராம். விசாரணைக்கு அவர் எங்கே போனார் தெரியுமா? எங்கள் விழுப்புரத்து ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த ரேடியோ ரிப்பேர் கடைக்கு! அந்த மேதாவி ஒரு பழைய ரேடியோவின் முதுகைக் கழற்றிக் காட்டி, "பாருங்க, இதுல மூஞ்சி வர்றதுக்கு வழி எங்க கீது?" என்றானாம். பெரியப்பாவுக்குப் பரம திருப்தி. இதை எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, எங்கள் பஜ்ஜியைத் தின்றுகொண்டே சொன்னார். டெலிவிஷனைக் கண்ணால் பார்க்காத இரண்டு பேர் சேர்ந்து, அப்படி ஒன்று கிடையாது என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். தூ!

மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் அத்தனை பொறுமையாகப் பதில் சொன்னாள். கேமரா, விளக்குகளின் சூடு, முகத்தில் பூசிய மேக்கப் என்று எல்லாவற்றையும் விளக்கினாள். மேக்கப் என்றதும் மாப்பிள்ளையின் அம்மா காதைத் தீட்டிக்கொண்டாள்.

"பூசி உட்டது ஆம்பளயா, பொம்பளயா?"

"ஆம்பளதாங்க."

"ஐயையோ! எவனோ ஒரு ஆம்பள மூஞ்சியத் தொட்டானா?"

"உங்க கடையில பொம்பளைங்க கையப் புடிச்சி வளையல் போட்டு உடறது யாருங்க?" என்றாள் அக்கா.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கடையில் வளையல் போட்டுவிடுகிறவன் அவன்தான்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் வுடும்மா. நீ அதுல வந்தத நம்மாளுங்க யாராச்சும் பாத்தாங்களா?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். டெல்லிக்குப் போய், ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, பெட்டியில் மகளைப் பார்த்து அழுதவர் எங்கள் அப்பா. ஊருக்கு வந்து அதையே எங்களிடம் வாய் ஓயாமல் சொன்னவர்.

"அது ரேடியோதாங்க," என்றார் அப்பா. "வெறும் குரல்தான். சின்னப் பொண்ணு, பெருமைக்கு எதையோ சொல்லிக்கினு கீது."

சீ என்றாகிவிட்டது எனக்கு. ஆனால் வந்தவர்களுக்கோ உயிர் வந்துவிட்டது. பெரியப்பா இன்னொரு பஜ்ஜியை எடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, முகூர்த்தத்துக்கு நாள் பார்ப்பது பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

அக்கா எழுந்து நின்றாள். "அப்போ நான் பொய் சொல்றவ. என்னப் போயி எப்படிங்க கட்டிக்கினு போவீங்க?"

"அதனால இன்னாம்மா?" என்றாள் அந்த அம்மாள் வாய் கொள்ளாத சிரிப்போடு. "பொய்தானே சொன்ன? நெஜமா இருந்தாதான் நாங்க வந்த வழியே போயிருப்போம்."

அன்று சாயங்கால ரயிலுக்கே அக்கா டெல்லிக்குக் கிளம்பிவிட்டாள். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். அப்பா அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஸ்டேஷன் வரை பின்னால் வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.